மண்ணீரலில் கட்டி: எதை விட்டுவைப்பது, எதைப் பாதி எடுப்பது, எதை முழுசாக எடுப்பது?

சாட்ஸ்வொர்த்_ரெஜி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும் மண்ணீரல் கட்டிகளைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச ஓர் இழை வேண்டும் என்று இதைத் தொடங்குகிறேன். இரண்டு மாதிரிகளை வைத்துக் கேட்கிறேன். ஆள் அடையாளம் எதுவும் இல்லை, விவரங்களும் மாற்றப்பட்டவை.

முதல் மாதிரி: முப்பதை ஒட்டிய பெண். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப்பில் ஆட்டுப்பண்ணைச் சூழலில் வளர்ந்தவர். இடது விலாவுக்குக் கீழே கனம், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. மண்ணீரலின் மேல்முனையில் 9 செ.மீ. நீர்க்கட்டி. எச்.ஐ.வி. உண்டு, ஏ.ஆர்.வி. மாத்திரையில் வைரஸ் அடங்கியிருக்கிறது, சிடி4 (எச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை 520.

இரண்டாவது: நாற்பத்தைந்து வயது ஆண். ஒரு தொந்தரவும் இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் மண்ணீரலில் 4.5 செ.மீ. திடக்கட்டி. ரத்த எண்ணிக்கை சரி, எல்.டி.எச். (செல் சிதைவைக் காட்டும் ரத்த என்சைம்) சரி.

"மண்ணீரலில் கட்டியா, எடுத்துவிடு" என்று வார்டில் சொல்லக் கேட்கிறேன். அது சரியா? ஊசியால் சிறு துண்டு எடுத்துப் (பயாப்ஸி) பார்க்கலாமா? பாதி மண்ணீரலைக் காப்பாற்றுவது நம் நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவருமா?

மெரிபேங்க்_ரேடியாலஜி எழுதியது:

தம்பி, நீர்க்கட்டியில் தொடங்குகிறேன். சி.டி.யை நம்பி உட்காராமல் முதலில் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கையில் எடுங்கள். நாடாப்புழுக் கட்டியின், அதாவது ஹைடாடிடின், அடையாளங்கள் அல்ட்ராசவுண்டில்தான் தெளிவாகத் தெரியும்: இரட்டைக்கோடு போன்ற சுவர், உள்ளே குட்டிக் கட்டிகள், கழன்று மிதக்கும் சவ்வு. ஆளைப் பக்கவாட்டில் புரட்டினால் அடியில் படிந்த மணல் எழும்பி மிதக்கும். இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஆளைப் புரட்டாமலே அறிக்கை எழுதுகிறவர்கள் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் சிஇ1 முதல் சிஇ5 வரையான வகைப்பாட்டில் எது என்று அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிஇ4, சிஇ5 செத்த கட்டிகள். தொந்தரவு இல்லையென்றால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பதை வைத்து மட்டும் ஹைடாடிட் என்று முடிவுகட்ட முடியாது. அடிபட்ட பிறகு வரும் போலிக்கட்டியின் சுவரும் சுண்ணாம்பாகும். பிறவியிலேயே வரும் எபிடெர்மாய்டு கட்டியின் உட்சுவரில் மேடு மேடாக வரிகள் தெரியும், உள்ளே கொழுப்புப் படிகங்கள் மங்கலாக மினுக்கும். கல்லீரலையும் மார்பு எக்ஸ்ரேயையும் பார்க்காமல் மண்ணீரல் ஹைடாடிட் என்று எழுதக் கூடாது.

ஹைலத்துக்கு, அதாவது ரத்தநாளங்கள் மண்ணீரலுக்குள் நுழையும் வாசலுக்கு, பக்கத்தில் எது நீர்க்கட்டி மாதிரி தெரிந்தாலும் கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) வைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மண்ணீரல் தமனியின் அனியூரிசம் (தமனிச் சுவர் உப்பிய வீக்கம்) சாதாரண அல்ட்ராசவுண்டில் அச்சு அசலாக நீர்க்கட்டி போலவே இருக்கும். அதில் ஊசியைக் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெண்களிடம் அதிகம் வருவது, கர்ப்பத்தில் வெடித்தால் தாய்க்கும் குழந்தைக்கும் பிழைப்பு அரிது.

திடக்கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள். அதற்கு முன் அந்த சி.டி. எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று பாருங்கள். கான்ட்ராஸ்ட் மருந்தை (ரத்தநாளங்களைப் படத்தில் துலக்கிக் காட்டும் திரவம்) ஏற்றிய உடனே எடுக்கும் தமனிக் கட்டப் படத்தில் நல்ல மண்ணீரலே வரிக்குதிரை மாதிரி கோடு கோடாகத் தெரியும். சுமார் 70 நொடிக்குப் பிறகு எடுக்கும் படத்தில் ஒரே சீராகிவிடும். அந்தக் கோடுகளைக் கட்டி என்று எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு.

எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என இரு படவகை உண்டு, திரவம் வெள்ளையாகத் தெரியும் டி2 படம்தான் சாவி. ஹீமாஞ்சியோமா (ரத்தநாளங்களால் ஆன தீங்கற்ற கட்டி) டி2வில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆனால் கல்லீரலில் பார்க்கிற மாதிரி ஓரத்திலிருந்து முடிச்சு முடிச்சாக மருந்து நிரம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள், மண்ணீரலில் அது அபூர்வம். ஹமார்டோமா (மண்ணீரல் திசுவே தாறுமாறாகத் திரண்ட தீங்கற்ற கட்டி) டி1இல் சுற்றியுள்ள மண்ணீரலோடு கலந்து ஒளிந்துகொள்ளும், மருந்து போனதும் வேகமாகத் துலங்கும். ஸான்ட் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஸ்கிளிரோஸிங் ஆஞ்சியோமடாய்டு நோடுலர் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்ற தீங்கற்ற ரத்தநாளக் கட்டி, நாரும் பழைய ரத்த இரும்பும் சேர்ந்திருப்பதால் டி2வில் கறுப்பாகத் தெரியும். மருந்து வெளியிலிருந்து நடுவை நோக்கி ஆரக்கால் போலப் போகும், நடுத்தழும்பு கடைசியில்தான் மெல்ல நிரம்பும். அதனால் 5 நிமிடம் வரை தாமதப் படம் எடுக்கச் சொல்லுங்கள். 2 நிமிடத்தில் நிறுத்தினால் அந்தத் தழும்பு நிரம்புவதைப் பார்க்கவே முடியாது.

ஃபீனிக்ஸ்_ஐடி எழுதியது:

அக்கா சொன்னதோடு குவாசுலு-நட்டாலுக்கு உரிய ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே மண்ணீரலில் புள்ளிகள் என்றால், "அபூர்வ நோய்" என்று பெயர் சூட்டுவதற்கு முன் காசநோயைக் கழித்துக்கட்டுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரிடம் 1 செ.மீ.க்கும் சிறிய பல கறுப்புப் புள்ளிகள், கூடவே வயிற்று நெறிக்கட்டிகள் என்றால் வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது டி.பி.தான். வழக்கமான வயிற்று புரோபில் இந்தப் புள்ளிகள் தப்பிவிடும், உயர் அலைவரிசை லீனியர் புரோபை இடது விலாக்களுக்கு நடுவே வையுங்கள். சளி ஜீன்எக்ஸ்பர்ட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), சிறுநீர் லேம் (அந்தக் கிருமியின் சுவர்ப்பொருளைத் தேடும் சோதனை), நெறிக்கட்டியில் ஊசி, இந்த வரிசையில் போனால் மண்ணீரலைத் தொடாமலே பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆறு மாத மருந்தில் அந்தப் புள்ளிகள் மறையும். டி.பி. மண்ணீரலைக் கத்தியால் எடுப்பது சீழ்க்கட்டி பெரிதாகி மருந்துக்கு அடங்காதபோதோ வெடித்தபோதோ மட்டும்.

சிடி4 மிகக் குறைந்தவரிடம் ரத்தக்குளங்களாகத் தெரிந்தால் பார்ட்டோனெல்லா பாக்டீரியாவை நினையுங்கள். அது டாக்ஸிசைக்ளினில் கரையும். கபோசி சார்கோமா என்ற ரத்தநாளப் புற்றும் மண்ணீரலுக்கு வரும்.

முதல் மாதிரிக்கு ஹைடாடிட் ஐஜிஜி எலைசா அனுப்புங்கள். நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். கல்லீரல் கட்டியைவிட மண்ணீரல் கட்டியில் பொய்யான நெகட்டிவ் அதிகம், சுவர் உடையாத இளம் கட்டி ரத்தத்தில் எதிர்ப்பொருளே காட்டாது. படம் சொல்வதுதான் கனம். பண்ணையில் அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடுவார்களா என்று கேளுங்கள், அந்த ஒரு பதில் பல பரிசோதனைகளுக்குச் சமம்.

இசிபிங்கோ_பேத் எழுதியது:

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண்ணீரலில் ஊசி என்றாலே ரத்தப்பெருக்கு என்ற பயம் பழைய காலத்துத் தடித்த ஊசியிலிருந்து வந்தது. 18 கேஜோ அதைவிட மெல்லியதோ என்றால் பெரிய சிக்கல் 1 முதல் 2 சதவீதம்தான். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) 1.5க்குக் கீழே, பிளேட்லெட் 50,000க்கு மேலே இருக்க வேண்டும். கட்டிக்கும் உறைக்கும் நடுவே கொஞ்சம் நல்ல மண்ணீரல் இருக்கும் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். வெளியே எடுக்கும்போது பாதையை ஜெல்ஃபோம் கொண்டு அடையுங்கள். நீர்க்கட்டியில் வேண்டாம். ரத்தநாளக் கட்டி என்று படத்திலேயே சந்தேகம் இருந்தால் ஊசியில் வரும் துண்டு பெரும்பாலும் "ரத்தமும் நாரும்" என்றுதான் எங்களிடம் வந்து சேரும், அதை வைத்துத் தெளிவாக எழுத முடியாது.

ஸான்ட்டில் முடிச்சுகளுக்குள் மூன்று வகை நாளங்கள் கலந்திருக்கும்: தந்துகி போன்றவை சிடி34 பாசிட்டிவ் (இந்த சிடி எண்கள் செல்வகையைக் காட்டும் புரதக் குறிகள்), மண்ணீரல் சைனஸ் போன்றவை சிடி8 பாசிட்டிவ், சிறு சிரைகள் சிடி31 மட்டும். இந்தக் கலவைதான் அதன் முத்திரை. ஹமார்டோமாவில் சிடி8 பரவலாகத் துலங்கும். சாதாரண ஹீமாஞ்சியோமாவில் சிடி34 உண்டு, சிடி8 இல்லை.

லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவில் சிடி68, சிடி21 இரண்டும் பாசிட்டிவ், சிடி8 நெகட்டிவ். 1991இல் முதலில் விவரிக்கப்பட்ட கட்டி இது. மண்ணீரல் பெருத்து, பல முடிச்சுகளாக வரும். அது கெடுதல் செய்யாவிட்டாலும் அது இருக்கும் உடம்பில் வேறு புற்றுநோயோ குரோன்ஸ் போன்ற நோயெதிர்ப்புக் கோளாறோ சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் குடல், சிறுநீரகம், கணையம், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) எல்லாவற்றையும் தேடுங்கள். "தீங்கற்றது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

எடுத்த மண்ணீரலை முழுசாக ஃபார்மலின் வாளியில் போட்டு அனுப்பாதீர்கள். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் உள்ளே போகும், நடுப்பகுதி அதற்குள் தானே சிதைந்துவிடும். புதிதாக, உடனே ஆய்வகத்துக்கு வந்தால் நாங்களே மெல்லிய துண்டுகளாகப் போடுவோம். நேரமாகும் என்றால் நீங்களே நீளவாக்கில் அறுத்துப் போடுங்கள். அதற்கு முன் ஒரு சிறு துண்டை உப்புநீரில் தனியாக டி.பி. கல்ச்சருக்கு எடுத்து வையுங்கள். ஃபார்மலினில் விழுந்தபின் கல்ச்சர் கேட்டால் எதுவும் செய்ய முடியாது.

டோங்காட்_சர்ஜரி எழுதியது:

முதல் மாதிரியை அறுவைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். 5 செ.மீ. தாண்டினால் எடு என்பது வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்படுகிறது. அதற்கான ஆதாரம் பலவீனமானது. அறிகுறி, வளர்ச்சி, ஹைடாடிட் சந்தேகம், வெடிக்கும் இடத்தில் இருப்பது, இவைதான் உண்மையான காரணங்கள். இந்தப் பெண்ணுக்கு 9 செ.மீ., அறிகுறி உண்டு, அறுவை சரியே. சிஏ 19-9 (ரத்தத்தில் பார்க்கும் ஒரு புற்றுக்குறி) எடுத்து அது ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், எபிடெர்மாய்டு சுவரே அதைச் சுரக்கும்.

ஹைடாடிட் என்றால் ஆல்பென்டசோல் எடைக்கு 10 முதல் 15 மி.கி. ஒரு கிலோவுக்கு, இரண்டு வேளையாகப் பிரித்து. 60 கிலோவுக்கு மேல் 400 மி.கி. இரண்டு வேளை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சாது. தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் என்சைமும் வெள்ளணு எண்ணிக்கையும். அறுவைக்கு 4 வாரம் முன்பே தொடங்குவது நல்லது, பின்பு 4 வாரம் தொடரும்.

மேல்முனைக் கட்டி என்பதால் கீழ்முனையைக் காப்பாற்றலாம். கால்பங்கு மண்ணீரலாவது ரத்த ஓட்டத்தோடு நின்றால்தான் வேலை செய்யும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ரேடியாலஜி மேடத்திடம் மூன்று கேள்விக்கு விடை வாங்காமல் மேசைக்குப் போகக் கூடாது: தமனி ஹைலத்துக்கு வெகு முன்பே விரல் விரலாகப் பிரிகிறதா, அல்லது ஒரே தண்டாக வந்து கடைசியில் பிரிகிறதா? கீழ்முனைக்குத் தனிக் கிளை உண்டா? கணையத்தின் வால் ஹைலத்திலிருந்து எத்தனை மி.மீ.? பத்தில் ஏழு பேருக்கு முன்பே பிரியும், அவர்களுக்குப் பாதி எடுப்பது சுலபம். ஒரே தண்டாக வருபவர்களுக்கு ஹைலத்தின் வாசலிலேயே கிளைகளைத் தேட வேண்டியிருக்கும், அங்கேதான் சிரை கிழியும். கணைய வால் பெரும்பாலோருக்கு 1 செ.மீ.க்குள்தான் இருக்கிறது.

ஆளை வலது பக்கமாக 45 முதல் 60 பாகை சாய்த்து, தலைப்பக்கம் உயர்த்தி வைக்கிறோம். வயிற்றுக்குள் போனதும் முதல் வேலை துணை மண்ணீரல்களைத் தேடுவது: ஹைலம், கணைய வால், ஓமென்டம் (குடலை மூடும் கொழுப்புத் திரை). நூற்றில் பத்து இருபது பேருக்கு இருக்கும். பாதி எடுக்கும்போது அவற்றை விட்டுவைக்கலாம். ரத்த நோய்க்காக முழுசாக எடுக்கும்போதுதான் அவை பகை.

கீழ்முனையைக் காக்கும்போது ஸ்ப்ளினோகாலிக் லிகமென்ட்டைத் தொடாதீர்கள். அதன் பக்கத்தில் வரும் இடது கேஸ்ட்ரோஎபிப்ளாயிக் தமனிதான் மிச்சத்துக்கு இரண்டாவது உயிர்நாடி. இரைப்பைக்குப் போகும் சிறு நாளங்களை மேலிருந்து இறங்கி வெட்டுங்கள். மீதிக்கு மேலே நிறுத்திவிடுங்கள். எனர்ஜி கருவியின் (சூட்டால் நாளத்தை மூடி வெட்டும் கருவி) தாடையை இரைப்பைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். அங்கே பட்ட சூடு நாலைந்து நாள் கழித்து ஓட்டையாக வரும்.

கணையத்தின் மேல்விளிம்பில் மண்ணீரல் தமனியைச் சுற்றி ஒரு வெசல் லூப் (நாளத்தைப் பிடித்துவைக்கும் ரப்பர் நாடா) போட்டுவையுங்கள், புல்டாக் கிளாம்ப் (நாளத்தைத் தற்காலிகமாக அடைக்கும் சிறு கவ்வி) நர்ஸ் தட்டில் தயாராக இருக்கட்டும். பிறகு ஹைலத்தில் மேல்கிளைகளை ஒவ்வொன்றாக: முதலில் தமனி, கொஞ்சம் பொறுத்து சிரை. அந்த இடைவெளியில் மேல்பாதியின் ரத்தம் உடலுக்குத் திரும்பிவிடும், கட்டியும் சுருங்கும். சில நிமிடங்களில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே கோடு விழும். வெட்டவேண்டியது அந்தக் கோட்டில் இல்லை, கறுப்புப் பக்கம் 1 செ.மீ. தள்ளி. சிவப்புப் பக்கம் வெட்டினால் என்ன செய்தாலும் ரத்தம் நிற்காது. கோட்டின் மேலேயே வெட்டினாலும் கசியும்.

வெட்டும் கருவி எதுவானாலும் அவசரம் வேண்டாம். சதை 2 செ.மீ.க்கு மேல் தடிப்பாக இருக்கும் இடத்தில் ஸ்டேப்ளரை வைத்து ஒரேயடியாக அழுத்தினால் உறை கிழிந்து பிளக்கும். மெல்ல மூடி, அரை நிமிடமாவது பொறுத்து, பிறகுதான் சுட வேண்டும். லிகாஷூர் (ஓர் எனர்ஜி கருவி) என்றால் சிறு சிறு கடியாக. வெட்டுமுகத்தில் ஆர்கான், மேலே ஃபைப்ரின் பேட்ச். வெறும் நூலால் தைக்கப் பார்க்காதீர்கள், அறுத்துக்கொண்டு வரும்.

கடைசியில் மிச்சம் சுழலாமல் பார்க்க வேண்டும். லிகமென்ட்கள் போன பிறகு ஊஞ்சலாடும் மிச்சம் தன் காம்பையே முறுக்கிக்கொள்ளும். பக்கச் சுவர் பெரிட்டோனியத்தோடு உறையை மட்டும் பிடித்து இரண்டு கரையும் தையல் போடுங்கள். கட்டுப்படாத ரத்தம் வந்தால் புல்டாக்கைப் போட்டு, ஒருமுறை தெளிவாகப் பார்த்து, முடியாவிட்டால் முழுசாக எடுங்கள். மண்ணீரலைக் காப்பாற்றும் பிடிவாதம் ஆளின் உயிரைவிடப் பெரிதல்ல.

பெல்வில்_சர்ஜரி எழுதியது:

டோங்காட் டாக்டர் சொன்ன உத்தி சரி. ஆனால் எல்லா நீர்க்கட்டிக்கும் பாதி மண்ணீரலை எடுக்கவேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்டதால் வந்த போலிக்கட்டிக்கு உட்பூச்சுச் செல் கிடையாது. மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் கூரையை அகலமாக வெட்டி எடுத்து, பள்ளத்தில் ஓமென்டத்தை வைத்துத் தைத்தால் போதும். ரத்தம் குறைவு, நேரம் குறைவு, மண்ணீரலும் முழுசாக மிஞ்சும். ஹைலத்தைக் கையாள அனுபவம் இல்லாத இடத்தில் பாதி அறுவைக்கு முயன்று முழுசாக எடுத்துவிட்டு வருவதைவிட இது நல்லது.

டோங்காட்_சர்ஜரி எழுதியது:

போலிக்கட்டிக்கு ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால் அறுவைக்கு முன் போலியா எபிடெர்மாய்டா என்று உறுதியாகத் தெரிவதில்லை. அடிபட்ட ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும், கேட்டால் சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்ததைச் சொல்வார்கள். எபிடெர்மாய்டு சுவரில் ஒட்டியிருக்கும் செல்லை விட்டுவைத்தால் கட்டி திரும்ப வரும், கூரையை மட்டும் வெட்டிய பிறகு இப்படித் திரும்புவது சர்வசாதாரணம். கட்டி பாதிக்கு மேல் சதைக்குள் புதைந்திருந்தால் கூரை சிறிது, விளிம்புகள் ஒட்டிக்கொண்டு மூடிவிடும். ஆகவே கூரை வெட்டுவதென்றால் கட்டியில் பாதியாவது வெளியே துருத்தியிருக்க வேண்டும், வெட்டிய கூரையை அப்போதே ஃப்ரோஸன் செக்‌ஷனுக்கு (அறுவை நடக்கும்போதே துண்டை உறையவைத்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். செல் இருக்கிறது என்று வந்தால் திட்டத்தை மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

இசிபிங்கோ_பேத் எழுதியது:

ஃப்ரோஸனில் ஒரு எச்சரிக்கை. எபிடெர்மாய்டு சுவரில் பல இடங்களில் செல் உதிர்ந்து வெறும் நார் மட்டும் இருக்கும். ஒரு துண்டில் செல் இல்லை என்றால் போலிக்கட்டி என்று அர்த்தமில்லை. மூன்று நான்கு இடத்திலிருந்து கொடுங்கள், மேடான வரிகள் இருக்கும் இடத்தைக் கட்டாயம் சேருங்கள். சுவரைத் துடைக்காதீர்கள், துணியிலேயே செல் போய்விடும்.

மயக்கமருந்து_பிஎம்பி எழுதியது:

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மயக்கமருந்துத் தரப்பில் சில சொற்கள். ஹைடாடிட் கட்டியைத் திறக்கும் முன் எங்களுக்கு ஒரு குரல் கொடுங்கள். திடீரென ரத்த அழுத்தம் சரிந்தால் தோல் தடிப்பு தெரியாமலே அனஃபிலாக்ஸிஸ் இருக்கலாம், துணிக்கு அடியில் தோல் தெரியாது. மேசையில் அட்ரினலின் 50 மைக்ரோகிராம் வீதம் சிரையில் கொடுக்கத் தயாராக வைத்திருப்போம்.

புழுவைக் கொல்ல 20 சதவீத உப்புநீரைக் கட்டிக்குள் விடும்போது அளவைக் கூவிச் சொல்லுங்கள். அதில் ஒரு மில்லிக்கு 3.4 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. 100 மில்லி உடலுக்குள் உறிஞ்சினால் இரண்டு லிட்டர் சாதாரண சலைனில் உள்ளதைவிட அதிக சோடியம் தண்ணீர் இல்லாமல் உள்ளே போனதாகும். 10, 15 நிமிடம் வைத்துவிட்டு உறிஞ்சி எடுத்த அளவு, விட்ட அளவுக்கு ஏறக்குறைய சமமாக வர வேண்டும். குறைந்தால் உடனே ரத்த வாயுப் பரிசோதனையில் சோடியம் பார்ப்போம். வயிற்றில் வைக்கும் துணிகளையும் இதே நீரில் நனைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், அதுவும் கணக்கில் சேரும்.

சாட்ஸ்வொர்த்_ரெஜி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டாவது மாதிரிக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: ஒற்றைக் கட்டி, டி2வில் கறுப்பு, ஆரக்கால் போல மருந்து நிரம்புகிறது. பெட் ஸ்கேனில் லேசாக ஒளிர்கிறது. இவருக்கு என்ன?

மெரிபேங்க்_ரேடியாலஜி எழுதியது:

படம் ஸான்ட்டை நோக்கித்தான் காட்டுகிறது. பெட் ஸ்கேன் ஒளிர்வை வைத்துப் புற்று என்று சொல்ல முடியாது, ஸான்ட்டும் ஹமார்டோமாவும் சர்க்கரையை வாங்கும். ஆனால் மெலனோமா, மார்பு, சினைப்பை, நுரையீரல் என்று ஏதாவது புற்று முன்பு இருந்திருந்தால் படத்தின் அழகை நம்பி உட்காராதீர்கள்.

டோங்காட்_சர்ஜரி எழுதியது:

முன்பு புற்று இல்லை, எடை குறையவில்லை, படம் வழக்கமான தோற்றத்தில் இருக்கிறது என்றால் 6 மாதத்தில் எம்.ஆர்.ஐ., மாறாவிட்டால் ஆண்டுக்கு ஒன்று. வளர்ந்தால், அறிகுறி வந்தால், தோற்றம் மாறினால் எடுக்கலாம். ஒரு முனையில் இருந்தால் இங்கேயும் பாதி அறுவைதான் முதல் தேர்வு, ஸான்ட் திரும்ப வருவதாக அச்சப்படத் தேவையில்லை.

எடுக்க முடிவு செய்தால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னவென்று தெரியாத திடக்கட்டி உள்ள மண்ணீரலைப் பைக்குள் போட்டு நசுக்கி எடுக்கக் கூடாது. அடிவயிற்றில் குறுக்காக ஒரு வெட்டுப் போட்டு முழுசாக எடுங்கள். ரத்த நோய்க்கு எடுக்கும் மண்ணீரலை நசுக்கலாம், பேத்தாலஜி டாக்டருக்கு முடிச்சின் அமைப்பு தேவைப்படும்போது கூடாது. ஹைடாடிட்டுக்கும் அதே விதி. ஆஞ்சியோசார்கோமா என்ற கொடிய கட்டி மண்ணீரலில் அபூர்வமாக வரும். பை கிழிந்து சிதறினால் வயிறெங்கும் விதைத்ததாகிவிடும். பிளேட்லெட் குறைவு, ஒழுங்கற்ற விளிம்பு, வயிற்றில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 6 மாதம் காத்திருக்காதீர்கள்.

பெல்வில்_சர்ஜரி எழுதியது:

நான் இவருக்கு ஊசி போட்டுப் பார்ப்பேன். பேத் டாக்டர் சொன்னபடி முழு விடை வராவிட்டாலும், லிம்ஃபோமாவும் மெட்டாஸ்டாசிஸும் (வேறிடத்திலிருந்து பரவிய புற்று) இல்லை என்று தெரிந்தால் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மனம் ஒப்பும். வெகுதூரத்திலிருந்து வரும் ஆள், மறு ஸ்கேனுக்கு வருவது நிச்சயமில்லை என்றால் இது இன்னும் பொருந்தும்.

கூடவே ஒன்று: பெருத்த மண்ணீரலில் முடிச்சுகள், எலும்பு வலி, பிளேட்லெட் குறைவு என்றால் கத்தியை எடுக்கும் முன் கோஷே நோய்க்கான (ஒரு என்சைம் குறைவால் வரும் பரம்பரை நோய்) என்சைம் பரிசோதனை அனுப்புங்கள். அதற்கு என்சைம் மருந்து இருக்கிறது. மண்ணீரலை எடுத்தால் நோய் எலும்பிலும் கல்லீரலிலும் போய் உட்காரும்.

அலையும் மண்ணீரல் பற்றி யாரும் சொல்லவில்லை. இளம்பெண், விட்டு விட்டு வயிற்று வலி, அடிவயிற்றில் நகரும் கட்டி, இடது மேல்பக்கத்தில் மண்ணீரல் இருக்க வேண்டிய இடம் காலி. சி.டி.யில் காம்பு சுழல்போல முறுக்கிக்கொண்டு தெரியும். முறுக்கை அவிழ்த்துவிட்டு வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருங்கள். நிறம் திரும்பினால் கரையும் வலைப்பையில் போட்டு இடது மேல்பக்கத்தில் பொருத்துங்கள். கறுப்பாகவே இருந்தால் காம்பைக் கட்டி எடுத்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ்_ஐடி எழுதியது:

தடுப்பூசிக்கு வருவோம். மண்ணீரல் இல்லாதவருக்கு வரும் கடும் கிருமித்தொற்று அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. காய்ச்சல் தொடங்கி ஒரு நாளைக்குள்ளேயே உயிர் போய்விடலாம். எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் நிமோகாக்கஸ் ஆபத்து இரட்டிப்புச் சுமை.

தீங்கற்ற கட்டிக்கு அவசரம் இல்லை, ஆகவே நிதானமாகப் போடலாம். முதல் நாள் நிமோகாக்கஸ் கான்ஜுகேட் 13, ஹிப் (ஹீமோஃபிலஸ் பி கிருமிக்கான ஊசி), கூடவே ஃப்ளூ. 4 வாரம் கழித்து மெனிங்கோகாக்கஸ் நான்குவகை முதல் ஊசி. நம்மிடம் வருவது மெனாக்ட்ரா என்றால் அதையும் நிமோகாக்கஸ் 13ஐயும் ஒரே நாளில் போடக் கூடாது, நிமோகாக்கஸ் எதிர்ப்பொருள் குறையும். 8ஆவது வாரம் நிமோகாக்கஸ் 23. 12ஆவது வாரம் மெனிங்கோகாக்கஸ் இரண்டாவது. கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் 2 வாரம் இடைவெளி. ஹைடாடிட்டுக்கு ஆல்பென்டசோல் கொடுக்கும் வாரங்களும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். அவசர அறுவை என்றால் முடிந்து 14ஆம் நாள் தொடங்குங்கள், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் திரும்பி வரமாட்டார் என்று தோன்றினால் போகும் அன்றே போட்டுவிடுங்கள். 5 ஆண்டில் நிமோகாக்கஸ் 23, மெனிங்கோகாக்கஸ் மறுபடி.

எச்.ஐ.வி. கிளினிக்குக்கு ஒரு குறிப்பு கட்டாயம் எழுதுங்கள்: மண்ணீரல் எடுத்தபின் ரத்தத்தில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை கூடுவதால் சிடி4 எண்ணும் பொய்யாக ஏறும். 520 இருந்தவர் 900 ஆகலாம், எதிர்ப்புச் சக்தி கூடியதாக அர்த்தமில்லை. சிடி4 சதவீதத்தையும் வைரஸ் அளவையும்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் கோட்ரைமாக்ஸசோலை (எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் மாத்திரை) தவறாக நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

முழுசாக எடுத்தவருக்கு பென்சிலின் வி 250 மி.கி. இரண்டு வேளை, குறைந்தது 2 ஆண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆயுள் முழுக்க என்பது என் கருத்து. வீட்டில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஒரு கோர்ஸ் வைத்திருக்கட்டும். காய்ச்சல் குளிர் என்றால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், அங்கே செஃப்ட்ரையாக்ஸோன் 2 கிராம், ரத்தக் கல்ச்சருக்காகக் காத்திருக்காமல். நாய் கடித்தால் புண் சின்னதாக இருந்தாலும் உடனே வர வேண்டும். மொசாம்பிக், லிம்போபோ, முபுமலாங்கா தாழ்நிலம், வடக்கு குவாசுலு-நட்டால் போகும்போது மலேரியாத் தடுப்பு மாத்திரை இல்லாமல் போகக் கூடாது.

சாட்ஸ்வொர்த்_ரெஜி எழுதியது:

அறுவைக்குப் பின் வார்டில் எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? பாதி மண்ணீரல் மிஞ்சியவருக்கும் இந்தத் தடுப்பூசியெல்லாம் தேவையா?

டோங்காட்_சர்ஜரி எழுதியது:

ஊசிகளை எல்லோருக்கும் முன்கூட்டியே போடுங்கள். பாதி என்று உள்ளே போய் முழுசாக எடுத்துக்கொண்டு வெளியே வரும் சாத்தியம் எப்போதும் உண்டு.

வார்டில் முதல் நாள் ரத்தக் கசிவு: நாடித்துடிப்பு ஏறினால் டிரெயினில் ஒன்றும் வரவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள், டிரெயின் உறைந்து அடைத்திருக்கும். டிரெயின் நான் எல்லோருக்கும் வைப்பதில்லை, கணைய வாலைத் தொட்டிருந்தால் மட்டும். வைத்தால் மூன்றாம் நாள் அதன் அமைலேஸ் பார்த்து, ரத்த அளவின் உச்ச வரம்பைப்போல மூன்று மடங்குக்குக் கீழே இருந்தால் எடுத்துவிடலாம். இடது நுரையீரல் அடிப்பகுதி சுருங்குவது பலருக்கும் வரும், ஆளை நிமிர்ந்து உட்கார வைத்து இருமச் சொல்லுங்கள்.

தவறவிடக் கூடாதது போர்ட்டல் சிரையில் (கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரை) ரத்தம் உறைவது. காரணம் தெரியாத காய்ச்சல், மங்கலான வயிற்று வலி, சாப்பாடு பிடிக்காமை, இதுதான் அதன் முகம். முழுசாக எடுத்தவருக்கு எனாக்ஸபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) 40 மி.கி. தினமும், மண்ணீரல் பெரிதாக இருந்தால் வீட்டுக்குப் போனபின்னும் தொடரட்டும். ஒரு வாரத்தில் டாப்ளர். பிளேட்லெட் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், 10 லட்சத்தைத் தாண்டினால் ஆஸ்பிரின் சேர்க்கிறோம்.

இசிபிங்கோ_பேத் எழுதியது:

பாதி மிஞ்சியவருக்கு 3 மாதம் கழித்து ஒரு ரத்தப் பூச்சு அனுப்புங்கள், படிவத்தில் "ஹவல்-ஜாலி துகள் தேடவும்" என்று எழுதி. சிவப்பணுவுக்குள் அந்தக் கருநீலப் புள்ளிகள் இல்லையென்றால் மிச்சம் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நிறையத் தெரிந்தால் டாப்ளரில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தாலும் அவரை மண்ணீரல் இல்லாதவராகவே நடத்துங்கள், பென்சிலின் உட்பட. சந்தேகம் தீராவிட்டால் சூடுபடுத்திய சிவப்பணுவில் டெக்னீஷியம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் உண்டு, மிச்சம் எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் தெரியும்.

மெரிபேங்க்_ரேடியாலஜி எழுதியது:

அதே 3ஆவது மாதம் அல்ட்ராசவுண்டும் எடுத்து, மிச்சத்தின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எழுதி வையுங்கள், வெட்டுமுகத்தின் பக்கம் சின்னப் பள்ளத்தில் நீர் நின்றால் அதையும். ஆறு மாதத்தில் பழையதோடு ஒப்பிட்டு, அந்த நீர் வட்டமாகச் சுவர் கட்டிக்கொண்டு வளர்ந்தால் எபிடெர்மாய்டு திரும்புகிறது. சுருங்கிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள்.